பொய்ச் சாவுக்கு வந்த புது வேட்டி

மண் ரோட்டில் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் கழுத்தில் ஹெட்போன் இன்னும் தொங்குவது தெரிந்தது. ஒயர் முனை சட்டைப் பொத்தானில் தட்டிக்கொண்டே வந்திருக்கிறது. திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாமா என்று நின்றேன். மேலே மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் இன்னும் சத்தம் ஓயவில்லை. ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தேன். தார் ரோடு ஒரு மணி நேர நடை. மதியம் ஒரு பஸ் மேலே வந்து, மண் ரோடு சேரும் முக்கில் திரும்பிக் கச்சிராயபாளையம் போகும். அதைப் பிடித்தால் இருட்டுவதற்குள் சின்னசேலம் ஸ்டேஷன். எந்தப் பக்கத்து ரயில் முதலில் வருகிறதோ அந்தப் பக்கம்.

இப்படிக் கிளம்புவது எனக்குப் புதிதில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரைப் பரீட்சையோடு கிளம்பினேன். பிறகு போர்வெல் லாரியில் ஒரு வருடம், பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, குடகில் ஒரு பருவம் மிளகு பறிப்பு. எதையும் சண்டை போட்டு விடவில்லை. ஒரு நாள் காலையில் கால் நிற்காது, பையை எடுப்பேன். சில நாள் சாப்பாடு இருக்காது. பஸ் ஸ்டாண்டில் படுத்து, கூட்டுகிறவர் தட்டி எழுப்பினால் எழுந்து போவேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. இந்த முறைதான் காரணத்தோடு கிளம்பினேன். பத்துப் பேர் சம்பளமில்லாமல் எடுத்த ஒரு படத்தை நான் கெடுத்திருந்தேன்.

படம் இருபது நிமிடக் குறும்படம். எடுத்தவர் கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவர் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு மைக் செட் கடையில் அப்போது நான் இருந்தேன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது என் வேலை. ஒரு நாள் அவர் நீளமான மைக் ஒயர் கேட்டு வந்தார். எதற்கு என்றேன். படம் என்றார். சத்தம் யார் பிடிப்பது என்றேன். அதற்குத்தான் ஆள் தேடுவதாகச் சொன்னார்.

"காசு கெடையாது. சோறு போடுவேன். ஆனா ஒண்ணு, நீ நடுவுல போயிட மாட்டியே?"

என்னைப் பற்றி மைக் செட் முதலாளி சொல்லியிருப்பார் போலிருக்கிறது. போக மாட்டேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை, அதனால் இருக்கலாம்.

கதை சின்னது. மலையிலிருந்து வெளி மாநிலத்துக்கு வேலைக்குப் போனவன் பிணமாக வருகிறான். அவன் மனைவி அழவில்லை. பாடை கட்டும்போதும் அழவில்லை, மேளம் அடிக்கும்போதும் அழவில்லை. கடைசியில் அவன் கால் விரல் இடுக்கில் ஒட்டியிருக்கும் ஏதோ ஊர்ச் சிமெண்டைத் துடைக்கும்போது அழுகிறாள். அத்துடன் படம் முடிகிறது. மனைவியாக நடித்தவர் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர், மூன்று நாள் லீவு போட்டு வந்திருந்தார். அந்த அழுகையை ஒத்திகை பார்க்கவே மாட்டேன், ஒரே தடவைதான் அழுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கேமராக்காரர் சின்னசேலத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர். மேளம் அடிக்கச் சங்கராபுரம் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். இருவரும் பகலில் பெயிண்ட் அடிப்பவர்கள்.

படம் பிடித்தது மலை மேல் ஒரு ஊரில். நான் ஒரு மூங்கில் கழியில் மைக்கைக் கட்டினேன். மலைக் காற்று மைக்கில் அடித்தால் புஸ் புஸ் என்று கேட்கும். அதைத் தடுக்க, பழைய கரடி பொம்மை ஒன்றின் தோலைக் கிழித்து உறை தைத்தேன். ஹெட்போனில் அந்த மலையைக் கேட்ட முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கோ தொலைவில் யாரோ விறகு வெட்டுவது பக்கத்தில் கேட்டது. இரண்டு நாளும் என் கால் ஓரிடத்தில் நின்றது. டீச்சரின் அந்த ஒரு தடவை அழுகைக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

பிணமாக நடித்தவர் அந்த ஊர்க்காரர், மரவள்ளி போட்டிருந்தவர். கேமராவுக்கு முன்னால் கூச்சமே இல்லாத மனிதர். ஒரே தொல்லை, படுக்க வைத்தால் தூங்கிவிடுவார், தூங்கினால் குறட்டை. அவருடைய உண்மையான மனைவி ஓரத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"வூட்லதான் தூங்க வுட மாட்ற. இங்கயும் வந்து ஊதுறியா?" பிறகு டீச்சரிடம், "நல்லா அழும்மா. எனக்கும் சேத்து அழு" என்றார்.

ஊரில் முறையாகக் கேட்டுத்தான் எடுத்தோம். வெற்றிலை பாக்கு வைத்தோம். பொய்ப் பாடையை ஊருக்குள் கட்டக் கூடாது, காட்டோரக் கொட்டகையில் கட்டு, மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடை என்றார்கள். அப்படியே செய்தோம். இரண்டாம் நாள் காலையில் மேளக் காட்சி. ஜெராக்ஸ் கடைக்காரர் மேளக்காரர்களிடம், "அடக்கி அடிங்கப்பா, சத்தம் அப்புறம் சேத்துக்கலாம்" என்றார்.

நான் விடவில்லை. "அப்புறம் சேக்கறது டப்பா சத்தம்ணா. இங்க அடிச்சா எதிர் மலைக்குப் போயி திரும்பி வரும். அது கடையில கெடைக்காது. நெசமா அடிக்கச் சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். செல்போன் இருந்தால் மைக்கில் கிர் என்று இழுக்கும். அதனால் எல்லோருடைய போனையும் அணைக்கச் சொன்னதும் நான்தான். சாவு மேளம் முழு வீச்சில் நாலு தடவை அடித்தார்கள். எதிர் மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஹெட்போனுக்குள் எனக்கு மயிர் கூச்செறிந்தது.

எதிர் மலையில் ஊர்கள் இருப்பது எங்களுக்குத் தெரியும். அங்கே சொல்ல வேண்டும் என்பது தோன்றவில்லை. ஊர்க்காரர்களோ நாங்கள் சொல்லியிருப்போம் என்று இருந்துவிட்டார்கள்.

அந்த மலையில் சாவு மேளம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வருவார்கள். எந்த ஊர்ப் பக்கம் கேட்கிறது, யார் வீடாக இருக்கும் என்று விசாரித்துக்கொண்டே நடப்பார்கள். வழியில் எதிர்ப்பட்ட ஒருவன் கொட்டகையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பாடையில் இருப்பது இன்னார் என்று சொல்லியிருக்கிறான். அவருடைய நம்பருக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஸ்விட்ச் ஆஃப். உறுதியாகிவிட்டது.

முப்பது பேர் இருக்கும், மாலையும் கையுமாகச் சரிவில் ஏறி வந்தார்கள். முன்னால் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். நாங்கள் அப்போது டீக்கு நிறுத்தியிருந்தோம். பிணம் பாடையில் உட்கார்ந்து, மூக்கில் பஞ்சும் நெற்றியில் ஒரு ரூபாய் நாணயமுமாக டீ குடித்துக்கொண்டிருந்தது.

ஒரு பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒருவர் கையிலிருந்த மாலையைத் தரையில் வீசினார். பிறகு வந்த வார்த்தைகளை எழுத வேண்டியதில்லை. கேமராக்காரர் என் பக்கம் திரும்பி, "நெச சவுண்டு வேணும்னியே, இந்தா வந்துச்சு பாரு, புடிச்சிக்கோ" என்றார்.

திட்டோடு போயிருந்தால் சமாளித்திருக்கலாம். வந்தவர்களில் ஏழெட்டுப் பேர் மறுநாள் பிணமாக நடித்தவர் காட்டில் மரவள்ளி பிடுங்க வர வேண்டியவர்கள். கிழங்கு ஏற்ற லாரி மறுநாள் வருவதாக இருந்தது. பாதிக் காடு ஏற்கெனவே பிடுங்கிக் குவித்துக் கிடந்தது. பிடுங்கிய மரவள்ளி இரண்டு நாள் தாங்காது, உள்ளே நீலமாக நரம்போடும். ஜவ்வரிசி மில்லில் ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்துவிட்டு லாரியைத் திருப்பிவிடுவார்கள்.

"மேளம் அடிச்சாச்சு, எங்க காதுலயும் வுழுந்தாச்சு. மூணு நாளு தீட்டு, உன் காட்ல கை வைக்க மாட்டோம்" என்றார் அவர்களில் மூத்தவர்.

"மாமா, நான்தான் சாவலயே! தோ நிக்கிறேனே!"

"அது எங்களுக்குத் தெரியுது. மேளத்துக்குத் தெரியுமா?"

மரவள்ளிக்காரர் மூக்குப் பஞ்சை எடுத்துக் கீழே போட்டார். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் வந்து, "மன்னிச்சிக்கோங்க. நாளைக்கு என்னால படுக்க முடியாது. ஆளு இல்ல, நானும் பொண்டாட்டியுமா எவ்ளோ முடியுதோ அவ்ளோ புடுங்கணும்" என்றார்.

மறுநாள்தான் எங்களுக்குக் கடைசி நாள். கடைசிக் காட்சி காலை வெளிச்சத்தில் எடுக்க வேண்டியது. மதியத்துக்கு மேல் கேமரா ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டும், டீச்சருக்கு லீவு முடிகிறது. படம் முழுக்க மரவள்ளிக்காரர் முகம் இருக்கிறது, வேறு ஆளைப் படுக்க வைக்க முடியாது. அழுகை இல்லாமல் அந்தப் படம் ஒன்றுமே இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழியில் மாட்டியிருந்த பொம்மைத் தோலில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ. பையை எடுத்தேன்.

முக்குக்கு நான் வந்தபோது பஸ் வந்து திரும்பி நின்றிருந்தது. டிரைவர் இறங்கி மரத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தார். ஒரே ஒரு அம்மா இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். ஒரு கையில் சம்பங்கி மாலை, ஒரு கையில் ஜவுளிக்கடைப் பை. வழியெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்தது. மண் ரோட்டிலிருந்து நான் வருவதைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"தம்பி, சாவு வூட்லேருந்தா வர்ற? எடுத்துட்டாங்களா?"

அவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அதே மூக்கு, அதே அகன்ற நெற்றி. அக்காவாகத்தான் இருக்க வேண்டும். மேளம் கேட்டு வந்தவர்களில் யாரோ போன் பண்ணியிருப்பார்கள். பஸ் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு நான் ஏறியிருக்கலாம். பொய்யும் இல்லை அது. ஒரு மணி நேரம் ஏறிப் போய் அவரே பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தேன்.

"யாரும் சாவலக்கா."

"இன்னா?"

"உங்க தம்பி நல்லா இருக்காரு. அது படத்துக்கு அடிச்ச மேளம். சினிமா."

அவர் மாலையைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, காலியான கையால் என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"மேல ஏறும்போது நெஞ்சு வெடிச்சிடப் போவுதுன்னு, சமாதானத்துக்குச் சொல்றியா?"

"இல்லக்கா. நெசமா."

"அப்ப நீ ஏன் ஓடற?"

டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார். "அக்கா, பஸ் போய்டும்" என்றேன்.

"போவட்டும். என் தம்பிய என் கண்ணால பாக்கற வரைக்கும் உன்ன வுட மாட்டேன். நடடா."

பஸ் போனது. கடைசி வளைவு வரை அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். கால் அரிப்பு அப்போதும் நிற்கவில்லை. போகிற திசை மட்டும் மாறியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் காலரை விட்டுவிட்டு மாலையை என் கையில் கொடுத்தார். மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்று விசாரித்தார். மூக்குல பஞ்சு வெச்சீங்களா? வெச்சோம்க்கா. நெத்தியில காசு? ஆமாக்கா. நாசமாப் போவ. போன ஏன் அணைச்சான்? நான்தான் அணைக்கச் சொன்னேன். மேளம்? அதுவும் நான்தான். மாலையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கொட்டகையில் அவர் தம்பி கிழங்குக் குவியலின் மேல் ஈரச் சாக்கு போட்டுக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் சிரிக்கப் போனார். அக்கா பையால் அவரை முதுகில், தோளில், தலையில் அடித்தார். அடித்துக்கொண்டே அழுதார். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார். அடி ஓய்ந்ததும் தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில் நாணயம் ஒட்டியிருந்த இடத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தார்.

பிறகு பையைப் பிரித்தார். புது வேட்டி, லேபிள் கூடக் கிழிக்கவில்லை.

"இத இன்னா பண்றது? சாவுக்குன்னு எடுத்தத வூட்டுக்குத் திருப்பி எடுத்துகினு போவக் கூடாது. நீயும் கட்டக் கூடாது."

டீச்சர்தான் மெதுவாக, "படத்துல அவர் மேல போத்திக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

அக்கா வேட்டியை டீச்சர் கையில் கொடுத்தார். "போத்து. பொய்ச் சாவுக்கு வந்தது பொய்ச் சாவுக்கே போவட்டும்."

நாளைக்குப் படுக்க முடியாது என்று தம்பி இழுத்தார். லாரி, ஆட்கள் வராதது, மூன்று நாள் தீட்டு எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆளு இல்லன்னா? இதோ நிக்கிறானே, இவன்தான உன்ன சாவடிச்சான்? இவன் புடுங்கட்டும். மேளம் அடிச்சவனுங்க ரெண்டு பேரு இருக்கானுங்க, அவனுங்களும் புடுங்கட்டும். நான் பொறந்தவ, மேளமும் என் காதுல வுழல, எனக்குத் தீட்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது. நீ படுத்து எழுந்து வா."

"கூலி உண்டாக்கா?" என்றான் மேளக்காரர்களில் ஒருவன்.

"சாவு வூட்டுச் சோறு உண்டு, தின்னு."

முதன்முதலாக ஜெராக்ஸ் கடைக்காரர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டது. நான் காட்டில் இருந்தால் அந்த அழுகையை நான் பிடிக்க முடியாது. நான் பையிலிருந்து ஹெட்போனை எடுத்து அவர் கழுத்தில் போட்டேன். ரெக்கார்டரில் சிவப்புப் பட்டன் எது, சத்தம் காட்டும் முள் எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, கழியை எவ்வளவு இறக்க வேண்டும் என்று காட்டினேன். அவர் இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"அவங்க அழ ஆரம்பிச்சா நீங்க மூச்சு வுடாதீங்கண்ணா. அது கேக்கும்" என்றேன்.

மறுநாள் காலையில் பனி விலகுவதற்கு முன்பே காட்டில் இறங்கினோம். அக்கா, நான், மேளக்காரர்கள் இருவர், பிணமாகப் படுப்பவரின் மனைவியான அந்த வீட்டு அம்மா. மரவள்ளி பிடுங்குவது எனக்குப் புது வேலை. தண்டை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பிடித்து நாலு பக்கமும் ஆட்டி, இடுப்பைக் கொடுத்து மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழங்கு மண்ணுக்குள் ஒடிந்து தங்கிவிடும். முதல் பத்துச் செடியில் நாலை ஒடித்தேன். அக்கா ஒடிந்ததை எல்லாம் என் காலடியில் போட்டுக்கொண்டே வந்தார். மேளக்காரர்கள் பெயிண்டர் கையோடு திணறினார்கள். வெயில் வருவதற்குள் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. அது உடைந்த பிறகு வலி பழகிவிட்டது.

கொட்டகை காட்டுக்கு அந்தக் கோடியில் இருந்தது. ஒரு முறை நிமிர்ந்து பார்த்தபோது வேட்டியின் வெள்ளை மட்டும் தெரிந்தது. அதன் மேலே பொம்மைத் தோல் மாட்டிய கழி. கழி கொஞ்சம் உயரத்தில் இருந்தது. இறக்குங்கண்ணா, இறக்குங்க என்று எனக்குள் சொன்னேன். அது இறங்கியது.

பிறகு டீச்சர் அழுதார். ஹெட்போன் இல்லாமல், அந்தத் தூரத்துக்கு, மிகச் சின்னதாகத்தான் கேட்டது. காற்று இந்தப் பக்கம் திரும்பியபோது கேட்டது, மறுபடி போய்விட்டது. ஐந்து பேரும் கையை நிறுத்தினோம். அந்த வீட்டு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அங்கே படுத்திருப்பது அவர் புருஷன்தானே.

"குறட்ட வுடாம இருக்கணும் சாமி" என்றார்.

கழி அசையவே இல்லை. நெடு நேரம் அசையவில்லை. அப்புறம் யாரோ கை தட்டினார்கள். வேட்டி விலகி, அவர் எழுந்து உட்கார்ந்தது தெரிந்தது.

கீழே முதல் வளைவில் லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. அது ஆத்தூர்ப் பக்கம் மில்லுக்குப் போகிற லாரி. அதில் ஏறிப் போகலாம் என்று என் காலுக்குத் தெரியும். இன்னும் ஆறு சால் செடி பாக்கி இருந்தது.

"அங்க இன்னா பாத்துகினு நிக்கிற?" என்றார் அக்கா. "ஆட்டி இழு. ஒடிக்காத."

அடுத்த தண்டைப் பிடித்தேன். நாலு பக்கமும் ஆட்டினேன்.